திருடன் விடுதலையாக ஒரு வேண்டுதல்

குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு வரும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் முகக்கவசம் போட்டிருந்த இளைஞன் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னான்:

"அந்தத் திருட்டுப்பய எப்படியாவது விடுதலையாயிரணும் அத்தான்."

"அருவியில செயினை அறுத்தவனா? கிறுக்கு பிடிச்சிட்டாலே ஒனக்கு?"

"எனக்கும் அவனுக்கும் ஒரே பேருன்னு, அவன் கைதான சேதியில எம்படத்தல்லா போட்டிருக்கானுவ."

"மறுப்பு போடச் சொன்னமே?"

"போட்டானுவ. 'திருடன் இவரல்ல'ன்னு மறுபடியும் எம்படத்தையே பெருசாப் போட்டானுவ. இப்பம் நெட்டுல பேரைத் தேடினா ரெண்டு தடவ நான் வாரேன்."

தேடினால் ஒன்றுமே வராத என் பெயரை நினைத்து முதல்முறையாக நிம்மதி அடைந்தேன்.

"துபாய் வேலை என்னாச்சு?"

"கம்பெனிக்காரனும் தேடிப் பாத்திருக்கான். வர வேண்டாம்னுட்டான்."

"சரி, திருடன் விடுதலையானா ஒனக்கு என்னலே லாபம்?"

"விடுதலைன்னு சேதி போடுவானுவள்லா? அதுக்கும் எம்படத்தத்தான போடுவானுவ. அத துபாய்க்கு அனுப்பி வைப்பேன்."

அத்தான் சிரிக்கவில்லை. செல்போனை எடுத்து அவனிடம் நீட்டினார்:

"அவன் நேத்தே கோர்ட்டுல குத்தத்த ஒத்துக்கிட்டானாம்லே. சேதி வந்திருக்கு. படத்தோட."