நானூற்றைம்பதில் ஓடாத பெட்டி

— அப்ப குவைத்துக்கு வாரேன்னே சொல்லிப்புட்டீகளா?

— சொல்லிட்டேன் பூரணி. செக்காலை ரோட்டு பூத்துல நான் போனை வைக்கிறதுக்குள்ள டிக்கெட் போட்டுட்டான் ஒன் தம்பி ஜான் பீட்டரு. சந்தோசத்துல அவன் போட்ட சத்தத்துக்கு அரபிக்கடலே ரெண்டடி பின்னாடி போயிருக்கும்.

— அவனுக்கென்ன, பேச ஆளில்லாம ஒட்டகத்தோட பேசிக்கிட்டுக் கெடக்கான். அழகுசுந்தரம் அண்ணன் வேல?

— அதையும் முடிச்சுட்டேன். ‘இஞ்சினியரே, நீங்க கட்டப்போற வீட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல படமாக் காட்ட என்னால ஆகாது’ன்னேன். என் கண்ணு முன்னாடியே மதுரக்காரன் ஒருத்தனக் கூப்புட்டு அந்த வேலைக்குக் கையெழுத்துப் போட்டுட்டாரு.

— அந்த வேல கெடச்சா காரைக்குடிய விட்டு அசையமாட்டேன்னீகளே!

— பொட்டி ஓடணுமே புள்ள! அதுக்குள்ள இருக்குற சிப்பு முந்நூறு மெகாஹெர்ட்ஸ் வேகத்துல ஓடுறது. அந்த வேகத்துல ஒரு வீட்டப் படமா வரையுறதுக்குள்ள அந்த வீட்டையே கட்டி, பால் காச்சி, பேரன் பேத்தி எடுத்து, இடிச்சும்புடுவாக. அதான் நானூத்தம்பதுக்கு முடுக்குனேன்.

— முடுக்குனீக, சரி. அப்பறம் எதுக்கு அதுக்குத் தெனமும் பரீட்ச?

— படம் வரையயில ராப்பகலா நிக்காம ஓடணும். நடுவுல நின்னா மறுபடி மொதல்லேருந்து. அதுக்குத்தான் ஒரு ராட்சசக் கணக்கக் குடுத்து ஒரு நா முச்சூடும் போடச் சொல்றது. ஒரே ஒரு தப்பு விழுந்தாலும் பெயிலு. காலையில முடுக்கிவிட்டுட்டு டைப் சொல்லிக்குடுக்கப் போவேன். திரும்பி வந்து பாத்தா பொணமாக் கெடக்கும்.

— சூட்டுலயா?

— சூடா? அந்தச் சூட்டுல சாக்கோட்டை ஊருக்கே சோறு வடிக்கலாம்! காத்த உள்ள இழுக்கட்டும்னு பின்னாடி ஒரு விசிறி மாட்டுனேன். முன்னைக்கு மோசம். பழைய முந்நூறுக்கே எறக்குனேன், அதுலயும் நின்னுருச்சு. சிப்பே வெந்துபோச்சு பூரணி. அதோட என் வீராப்பும்.

— நானும் அந்தோணியார விட்டேனா? நீங்க படி எறங்குனதும் ஏத்துவேன். நீங்க தோத்து வந்து ஒக்கார ஒக்கார, மறுநாளைக்கு ஒரு மெழுகுவத்தியக் கூட்டுவேன்.

— காணாமப்போனதத் தேடிக் குடுப்பாரு அவரு. வெந்துபோனத என்ன செய்வாரு?

— கேலி பண்ணாதீக. நேத்தே மனசு விட்டுப்போச்சு எனக்கு. இன்னைக்கு அவருக்கு ஒண்ணுமே ஏத்தல. அவரு மூஞ்சியத் திரும்பிக்கூடப் பாக்கல.

— சரி, இங்குட்டுத் தள்ளு. பொட்டிய அணைச்சு மூடிவைக்கிறேன். காலையில கோவத்துல நானூத்தம்பதுலயே முடுக்கிவிட்டுட்டுப் போனேன். பொழுதே சாஞ்சிருச்சு, இந்நேரம் கருகியிருக்கும்.

— என்னங்க? ஏன் மரமாட்டம் நிக்கிறீக?

— ஓடுது.

— என்னது?

— ஓடுது பூரணி. ஒரு தப்பில்ல. தொட்டுப் பாரு, ஆத்தங்குடிக் கல்லுத் தரையாட்டம் சில்லுன்னு இருக்கு!

— அந்தோணியாரே! அப்ப அண்ணங்கிட்ட ஓடுங்க!

— ஓடி? அதான் கையெழுத்தாயிப் போச்சே. ஒன் தம்பியும் டிக்கெட்டப் போட்டுட்டான்... இம்புட்டு நாளும் நின்ன பொட்டிக்கு இன்னைக்கு என்ன வந்துச்சு? நீ எதையும் தொட்டியா?

— சத்தியமா இல்லீங்க.

— பூரணி... அந்த மெழுகுவத்தியெல்லாம் எங்க ஏத்துவ?

— அவரு படத்துக்குக் கீழ, மாடத்துலதான். பொட்டிக்குப் பின்னாடி.

— என் விசிறி காத்து இழுக்குற எடத்துக்கு நேராவா?

— அது இழுத்து அணைஞ்சுரக் கூடாதுன்னு கண்ணாடிக் கூண்டுகூட வச்சேன்... ஏங்க, அப்பிடிப் பாக்காதீக. நீங்க என்னைய விட்டுப் போயிரக் கூடாதுன்னுதாங்க ஏத்துனேன்.