குவயட் அட்மிரலின் மெல்லோட்ரான்

— உக்காருடா ரோட்னி. நீ நடக்கறதால ஆபரேஷன் சீக்கிரம் முடிஞ்சிடப் போறதில்ல. நெத்தியில தையல் போட்ட ஆளு வராந்தாவ இப்படி அளந்துக்கிட்டிருந்தா, அடுத்து உன்னத்தான் ஸ்ட்ரெச்சர்ல போட்டுத் தள்ளிட்டுப் போவாங்க.

— உன்னால எப்படி மால்கம் உக்காந்து பிஸ்கட் திங்க முடியுது? எட்வின் உள்ள கெடக்கான்.

— தோள் எலும்பு முறிஞ்ச டிரம்காரனுக்கு வேற என்ன வேலை? ஒரு கை இருக்கு, கையில பிஸ்கட் இருக்கு. சத்தியமா சொல்றேன், பிஸ்கட் தீந்தா நானும் உன்னோட நடக்க ஆரம்பிச்சுடுவேன்.

— அது வந்து... மண்ணீரல எடுத்துட்டா மனுஷன் பொழைச்சுக்குவானா?

— டாக்டர் சொன்னாரே, உன் காதுல விழல. எங்க மாமா ஒருத்தருக்கு நிலக்கரிச் சுரங்கத்துல அடிபட்டு அத எடுத்தாங்க. இன்னைக்கும் விகன் ஊர்ல புறா வளத்துக்கிட்டு, எங்க அத்தைகூட சண்ட போட்டுக்கிட்டு ஜம்முனு இருக்காரு.

— நேத்து அவன்கிட்ட நான் கடைசியா என்ன சொன்னேன்னு உனக்குத் தெரியுமில்ல?

— எனக்கென்ன, கார்லைல் ஹால்ல நம்ம கச்சேரி கேட்ட அத்தனை பேருக்கும் தெரியும். மைக் ஆன்ல இருந்துச்சு.

— ஐயோ. மைக் ஆன்லயா இருந்துச்சு?

— "நானா, அந்தப் பொட்டியா, ரெண்டுல ஒண்ணு சொல்லு"ன்னு அவன் கேட்டான். "பொட்டிதான், நீ கெளம்பு"ன்னு நீ சொன்னே. நேத்து ஜனங்க மனசாரக் கைதட்டினது அதுக்கு மட்டுந்தான்.

— கோவத்துல வந்துடுச்சுடா. அவனும் சும்மா இருந்திருக்கலாம்.

— எப்படிச் சும்மா இருப்பான்? குளுருக்கு அந்த மெல்லோட்ரான் பொட்டி சுதி எறங்கி, வயலின் வரவேண்டிய எடத்துல பூன கத்துது. அவன் கிட்டார வச்சு எப்படியாவது ஒப்பேத்திடலாம்னு பாக்கறான். பொட்டிய வாசிக்கற நீ மேடையிலயே அவன மொறைக்கறே. சாமான் ஏத்தற வேலையையும் நாம ரெண்டு பேரும் அவன் தலையிலயும் ஹால் ஆளுங்க தலையிலயும் கட்டிட்டோம். அதோட விட்டியா? வண்டியில வரும்போதும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு தனியா பின்சீட்டுல போய் உக்காந்துட்டே.

— வண்டி ஓட்டினது அவன். அவன் பக்கத்துல உக்காரப் பிடிக்கல.

— அதனால உன் கம்பளியும் சேத்து எனக்குக் கெடச்சுது. நல்லாத் தூங்கினேன். கண்ண முழிச்சா ஷாப்ங்கற அந்த மலை ஏத்தத்துல, பனியில வண்டி பின்பக்கமா வழுக்கிக்கிட்டுப் போகுது.

— டீ எடுத்துக்கங்க கண்ணுங்களா. சக்கர தூக்கலாப் போட்டிருக்கேன், அதிர்ச்சிக்கு நல்லது.

— சிஸ்டர், எட்வின்?

— இன்னும் உள்ளதான் ராசா. முடிஞ்சதும் நானே ஓடி வந்து சொல்றேன். அதுசரி, நீங்க மூணு பேரும் என்ன, பாட்டுக் குழுவா? எங்க வீட்டுச் சின்னவ கேப்பா. பேரு என்ன?

— குவயட் அட்மிரல், சிஸ்டர். கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. எங்க அம்மாவே இன்னும் சரியாச் சொல்ல மாட்டா.

— முதல் ரெக்கார்டு இப்பத்தான் செஞ்சுக்கிட்டிருக்கோம், சிஸ்டர். "மூழ்கிய ஊரின் மணி"ன்னு பேரு. ஒரு ஊரையே கடல் முழுங்கிடுது. தண்ணிக்கடியில கோயில் மணி மட்டும் அடிச்சுக்கிட்டே இருக்கு. ரெண்டாம் பக்கம் முழுக்க ஒரே பாட்டு.

— ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டா? நடுவுல எழுந்து ஆட முடியுமா?

— முயற்சி பண்ணினவன் ஒருத்தன் லீட்ஸ்ல கால் சுளுக்கிக்கிட்டான், சிஸ்டர்.

— சும்மா இருடா மால்கம். அது ஆடற பாட்டு இல்ல, சிஸ்டர். கடைசியில கடலுக்குள்ளேருந்து ஒரு பெரிய கூட்டமே பாடுது. அதுக்குத்தான் மெல்லோட்ரான்னு ஒரு பொட்டி வச்சிருந்தோம். பியானோ மாதிரி இருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் கீழ, நெசமான ஆளுங்க வாசிச்சதயும் பாடினதயும் பதிவு பண்ணின ஒரு டேப்பு ஓடும். அமுக்கினா வயலின், அமுக்கினா கோரஸ்.

— அடேயப்பா. பொட்டிக்குள்ள அத்தனை பேரா?

— அத்தனை பேரோட கனமும் இருக்கு, சிஸ்டர். தூக்க நாலு ஆள் வேணும். நாங்க மூணு பேரு.

— சரி, குடிங்க. நான் போய்ப் பாத்துட்டு வரேன்.

— பாரு, நல்ல பொம்பள. ஏண்டா, டீயக் கையிலயே வச்சுக்கிட்டு எங்க பாக்கறே?

— மால்கம், நம்ம சாமானெல்லாம் என்ன ஆச்சுன்னு போலீஸ்காரர் எதாவது சொன்னாரா?

— மலைச் சரிவு பூரா சிதறிக் கெடக்காம், பனி மூடிடுச்சாம். என் பெரிய டிரம் ஓடைக்குள்ள மெதந்துச்சாம், ஒரு ஆடு அதப் பாத்து மெரண்டு ஓடிச்சாம்.

— அப்ப பொட்டி நொறுங்கியிருக்கும்.

— நொறுங்காம? உள்ள இருக்கற டேப்பெல்லாம் இந்நேரம் முள்ளுவேலியில தொங்கிக்கிட்டிருக்கும். வருத்தமா இருக்கா?

— அது வந்து... ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. அது போயிடுச்சுன்னு தோணினதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சுடா. நெஞ்சு மேல உக்காந்திருந்தவன் எழுந்து போன மாதிரி.

— சிரிக்கல. எனக்குப் பாடணும்போல இருக்கு. என் முதுகுல பாதி அதுக்கே போச்சு.

— தெனமும் மேடையேறும்போது பயம். இன்னைக்கு சரியாப் பாடுமா, குளுரு பிடிச்சுக்குமா, டேப்பு சிக்கிக்குமான்னு. அதுக்குச் சேவகம் பண்ணிப் பண்ணியே பாட்டு எனக்கு மறந்துபோச்சு. எட்வின் ஒருநாள் அந்தக் கோரஸ் வர எடத்த கிட்டார்லயே வாசிச்சுக் காட்டினான், ஞாபகம் இருக்கா? சத்தத்த அப்படியே கீழேருந்து எழுப்பி, அலை வர மாதிரி.

— ஞாபகம் இருக்கு. "நல்லா இல்ல"ன்னு சொல்லிட்டு வெளிய போனே.

— நல்லா இருந்துச்சுடா. அதான் எரிச்சல். ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதுலேருந்து அதுதான் காதுல ஓடுது. அவன் மட்டும் பொழைச்சு வரட்டும், ரெண்டாம் பக்கம் முழுக்க அவனே வாசிக்கட்டும். பொட்டியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்.

— அத அவன்கிட்ட சொல்லு. மைக் தேடித் தரேன்.

— கண்ணுங்களா! எழுந்திரிங்க, எழுந்திரிங்க! முடிஞ்சுது. கண்ணத் தொறந்துட்டான். ரத்தம் நின்னுடுச்சு, கைவிரல் பத்தும் அசையுது, பயமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு.

— அப்பாடா! ரோட்னி, டேய்... டீயக் கொட்டாத!

— டீ கெடக்கட்டும். பேசினானா, சிஸ்டர்? எதாவது கேட்டானா?

— மயக்கத்துலயும் உன் பேருதான். "பொட்டிய நான் வண்டியில ஏத்தவே இல்ல. கார்லைல்ல மேடைக்குப் பின்னால போர்வையப் போத்தி விட்டுட்டு வந்துட்டேன். ரோட்னிகிட்ட சொல்லிடுங்க, திட்டட்டும்"னான்.

— என்னது? விட்டுட்டு வந்துட்டானா?

— ஆமா. "அவ்வளவு ஆசை இருந்தா அவனே வந்து முதுகுல தூக்கிட்டுப் போகட்டும்"னும் சொன்னான் ராசா. அப்புறம் கொஞ்சம் தண்ணி கேட்டான்.

— என்ன நெஞ்சழுத்தம் பாரு! என்கிட்ட ஒரு வார்த்த கேக்காம! குழுவோட பொருள நடுவுல விட்டுட்டு வர இவன் யாரு?

— டேய், இப்பத்தானே நிம்மதின்னே? பொட்டியும் வேணாம், மண்ணும் வேணாம்னே?

— அது வேற மால்கம்! அது தானா உடைஞ்சா! இவன் வேணும்னே பண்ணியிருக்கான். வஞ்சம் வச்சு! எழுந்து உக்காரட்டும், பாத்துக்கறேன் அவன!

— கத்தாத கண்ணு, பக்கத்துல நோயாளிங்க. வாசல்ல அந்தப் போலீஸ்காரரப் பாத்தேன். வண்டி பின்பக்கமாப் போய்க் கல்லுச் சுவத்துல மோதினதுல, பின்னால இருக்கற தகரம் உன் சீட்டு முதுகு வரைக்கும் வந்து ஒட்டிக்கிச்சாம். "நல்லவேளை, அங்க வெறும் டிரம் பையிங்க இருந்துச்சு, பீரோ கனத்துல எதாவது நின்னுருந்தா, பின்சீட்டுப் பையன உயிரோட எடுக்கவே முடிஞ்சிருக்காது"ன்னாரு.