படி இருக்கிற ஹோட்டல்

பழவங்காடியில் ஏறினேன், கரமனை வழியாகப் போகும் பஸ். முன் சீட்டில் அக்காவும் தங்கையும். இருவருக்கும் ஐம்பதுக்கு மேல் இருக்கும். தங்கை போனில் வெனிஸ் நகரத்து ஹோட்டல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மொட்டைமாடியில நீச்சல் குளம் இருக்கு அக்கா. ஸ்பா இருக்கு.”

“தண்ணிக்கு இறங்கற படி இருக்கான்னு பாரு.”

அதன்பிறகு நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

“இதுக்குப் படி இல்லை. வாசல் ஏதோ சந்துல இருக்கு.”

“அப்போ வேண்டாம்.”

“இன்னொண்ணு இருக்கு, கேட்டியா. பழைய அரண்மனையாக்கும். வாசல்லேந்து கல் படி நேரா கால்வாய்க்குள்ள இறங்கறது. ஆனா வாடகையைப் பாத்தா தலை சுத்தறது.”

“அது மதி, போதும். அதையே போடு. அப்பா திதியன்னிக்கு நாம அங்கதானே இருப்போம்?”

“திதி பண்ணத்தான் இங்க சித்தப்பா பையன் இருக்கானே!”

“போன வருஷம் பாத்தியோன்னோ? எள்ளும் தண்ணியும் விடறச்சே அவன் காதுல போன். நான் விடறேன்னு சொன்னதுக்கு, பெண்களுக்கு அதிகாரம் இல்லேன்னுட்டார் வாத்தியார். படுக்கையில கிடந்த அப்பாவைக் குளிப்பாட்டி விட்டது யாரு? அப்போ யாரும் அதிகாரம் கேக்கலையே.”

பஸ் கரமனைப் பாலத்தில் ஏறியது. இருவரும் குனிந்து ஆற்றைப் பார்த்தார்கள்.

“அங்க யாராவது வந்து கேட்டா என்ன சொல்றது அக்கா?”

“யாரும் கேக்கமாட்டா. அதுக்குத்தானே அத்தனை தூரம் போறோம்.”