அட்டையில் யார் பெயர்

விழாவுக்குத் தலைமையேற்று, நான் மேடையேறியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்ட எங்கள் மேலாளர் அவர்களே, முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பெற்ற பிள்ளைகளைக் கணினிக்குத் தத்துக்கொடுத்துவிட்டுத் தவிக்கும் தாய்மார்களே, வரிவரியாய் நிரல் எழுதும் தோழர்களே, அதில் வகைவகையாய்ப் பிழை பிடிக்கும் தோழியர்களே, இந்நிறுவனத்தில் கையேடு எழுதிக் காலம் தள்ளும் அடியேனின் அன்பு வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு, ‘வேலைப்பலகையை நமக்கேற்ப மாற்றிக்கொள்வது’. அங்கே ஒருவர் எழுந்து போகப் பார்க்கிறார். உட்காருங்கள் ஐயா, ஒரு பெண்ணின் வேலை பறிபோகவிருந்த கதை இது.

தாய்மார்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் திரையில் ஒரு பலகை உண்டு. வேலைக்கு ஓர் அட்டை. நிரல் எழுதுபவர் முடித்ததும் அட்டையைச் ‘சோதனை’ என்ற கட்டத்துக்குத் தள்ளுவார். தள்ளிய மாத்திரத்தில் அவர் பெயர் மறையும், சோதிப்பவர் பெயர் ஏறும். பலகையை விற்றவர்கள் எப்படிக் கொடுத்தார்களோ அப்படியே வைத்திருந்தோம். கடையில் வாங்கிய சட்டையைக்கூட உடம்புக்குத் தக்கபடி பிடித்துத் தைக்கிறோம். இதைத் தைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எங்கள் குழுவில் சோதிப்பவர் ஒரே ஒருவர். செல்லப்பெயர் சல்லடை. மருத்துவமனைகளுக்கு முன்பதிவு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். அட்டைகள் குவிந்தன. அவர் பெயரில் குவிந்தன. அவர் பெயரில் மட்டுமே குவிந்தன. யார் பெயரில் எத்தனை அட்டை என்று காட்டும் வாரக் கூட்டத்து வரைபடத்தில் அவர் பெயர் வானளாவி நின்றது. ‘சல்லடை அடைச்சுக்கிச்சு’ என்றார்கள்.

சிரிக்கிறீர்கள். அன்று அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மேலாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: “நீங்க கெட்டிக்காரங்கதாம்மா. ஆனா இந்த வேகம் சரிப்படாது. மாசக் கடைசியோட வேற இடம் பாத்துக்குங்க.”

வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவரிடம் போய்க் கேட்டேன். “ஏங்க, தினம் ரெண்டு மூணாவது முடிக்கலாமே?”

“எதை முடிக்கிறது? கார்டுதான் வருது, சாப்ட்வேர் வரலையே. டெஸ்ட் பண்ற மெஷின்ல ஏத்தினாத்தானே நான் பாக்க முடியும்? காலித் தட்டை முன்னால வச்சுட்டு, ஏன் இன்னும் சாப்பிடலைன்னா என்ன பண்ணுவேன்?”

“இதை சார்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். போர்டு அப்படிக் காட்டலையேன்னாரு.”

கேட்டீர்களா பெரியோர்களே? மனுஷி சொன்னது எடுபடவில்லை, பலகை சொன்னது எடுபட்டது. கட்டத்துக்குக் கண் உண்டா? கண்ணீர் உண்டா? காலையில் எழுந்து கவலையோடு கிளம்பி வர அதற்கு ஒரு குடும்பம் உண்டா? எனக்குக் கோபம் வந்தது. இருவரும் மேலாளரிடம் போய் நின்றோம். பலகையில் ஒரே ஒரு கட்டம் சேர்க்க அனுமதி கேட்டோம். முகத்தைச் சுளித்தார், ஆனாலும் கொடுத்தார். அதற்கே அவருக்கு ஒரு கைதட்டல் தரலாம்.

எழுதுவதற்கும் சோதிப்பதற்கும் நடுவே ‘ஏற்றக் காத்திருக்கிறது’ என்று ஒரு கட்டம் வைத்தோம். அங்கே நிற்கும் அட்டையில், ஏற்ற ஒப்புதல் தர வேண்டியவர் பெயர் இருக்கும். சோதனைக் கணினியில் ஏறிய பிறகுதான் சல்லடையின் பெயர்.

அடுத்த கூட்டத்தில் திரை விரிந்தது. சல்லடையின் கோபுரம் திண்ணையளவுக்குக் குறைந்துவிட்டது. பக்கத்தில் புதிதாய் ஒரு கோபுரம். ஒப்புதல் தர வேண்டியவர் யார்? சரியாகச் சொன்னீர்கள் அம்மா, இங்கே நடுநாற்காலியில் இருப்பவரேதான்.

அன்று கூட்டத்தில் அவர் எழுந்து திரைக்குக் கிட்டே போனார். “இத்தனையும் எனக்காகவா நிக்குது? எனக்குத் தெரியவே தெரியாதே.”

“தெரியற மாதிரி போர்டு இல்ல சார்” என்றார் சல்லடை.

மேலாளர் மழுப்பவில்லை. எல்லார் முன்னிலையிலும் சொன்னார்: “ஏத்துற ஒப்புதலையும் இனி நீங்களே வச்சுக்குங்க. போகச் சொன்னதை மறந்துடுங்கம்மா.”

“மறக்க மாட்டேன் சார். ஆனா இருக்கேன்.”

பிறகு ஆளுக்கொரு கட்டம் கேட்டார்கள். ஒரு புண்ணியவான் ‘யோசித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று ஒரு கட்டம் கேட்டார். கொடுத்தால் எல்லா வேலையும் அதற்குள் குடிபோய்விடும் என்று மறுத்துவிட்டோம். தேவைக்கு மாற்றுவது வேறு, ஆசைக்கு மாற்றுவது வேறு.

தோழர்களே, ஓர் அட்டை நின்றால், அதை நகர்த்தக்கூடியவர் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பலகையை மாற்றுங்கள். ஆளை மாற்றாதீர்கள். பலகையை மாற்ற ஒரு பிற்பகல் போதும், ஓர் ஆளின் மனம் உடைந்தால் அதை ஒட்ட எந்தப் பிற்பகலும் போதாது.

சல்லடையின் தாயாரும் இந்த அரங்கில் இருக்கிறார். அம்மா, அந்த மாதம் உங்கள் மகள் இதை உங்களிடம் சொல்லவே இல்லை. இன்று சொல்லலாம் என்று அவரே என்னிடம் சொன்னார். காரணம், வரும் திங்கள் முதல் நம் நிறுவனத்தின் எல்லாக் குழுக்களுக்கும் பலகை அமைத்துத் தரும் பொறுப்பு உங்கள் மகளுடையது.

இந்தக் கைதட்டல் எனக்குரியதல்ல, அவரைப் பார்த்துத் தட்டுங்கள். இவ்வளவு நேரம் செவிகொடுத்த உங்கள் அனைவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. அம்மா, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.