சாப்பாட்டுக் கூடத்துக் கேமராவை உடைத்த வகையில் அங்கம்மாள் சொன்னது

உத்திரமேரூர் வட்டம், காவாந்தண்டலம் சாலையில் உள்ள தனம்மாள் நினைவு முதியோர் இல்லத்தில் வசிக்கும் அங்கம்மாள், வயது 69, க/பெ (காலஞ்சென்ற) வேதகிரி என்பவர், காவல் நிலையத்தில் விசாரித்தபோது கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி இல்லத்தில் நான்கு வருடமாக இருந்து வருகிறேன். அதற்கு முன் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு அருகே நாஷ்டா கடை நடத்தி வந்தேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் இறந்து, முட்டியும் தேய்ந்த பிறகு கடையை மூடிவிட்டு இல்லத்தில் சேர்ந்தேன். எனக்குக் கண் தெரியும், காது கேட்கும், எழுதப் படிக்கவும் தெரியும். இதை முதலில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஏனென்றால் மேனேஜர் பஞ்சாட்சரம் கொடுத்த புகாரில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று இருக்கிறதாம். எனக்கு ஒன்றும் பேதலிக்கவில்லை.

எனக்கு அடுத்த கட்டிலில் இருப்பவர் பாஞ்சாலி. நாற்று நட்டே காலம் தள்ளியவர். அவருக்குச் சர்க்கரை வியாதி, சாப்பாட்டுக்கு முன் ஊசி போட வேண்டும். சென்ற ஆடி மாதம் அவர் படுக்கைக் கூடத்தில் விழுந்து, ஆள் வரும்வரை தரையிலேயே கிடந்தார். அதன்பிறகு சோதனைக்கு வந்த அதிகாரி, படுக்கைக் கூடத்து வாசலிலும் நடையிலும் கேமரா வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு மேனேஜர் எங்களை உட்கார வைத்து, இருக்கிற பணத்துக்கு இரண்டு கேமராதான் கட்டுப்படியாகும், அதற்கே மாதாமாதம் நெட்டுக்குக் கட்ட வேண்டும் என்றார். ஒன்றைக் கேட்டில் வைத்தார். மற்றொன்றையாவது அதிகாரி சொன்ன இடத்தில் வையுங்கள் என்று நான் கேட்டதற்கு, படுத்துக் கிடக்கிற கிழவிகளைப் பார்க்க எவன் பணம் கொடுப்பான் என்று எல்லோர் முன்பும் சொல்லிவிட்டு, அதைச் சாப்பாட்டுக் கூடத்துத் தூணில் மாட்டினார். பிறந்தநாளுக்கும் திதிக்கும் எங்களுக்கு ஒருவேளைச் சாப்பாடு போடுகிறவர்கள் ஊரில் இருந்தபடியே போனில் எங்களைப் பார்க்கலாம், பார்த்தால் அடுத்த வருடமும் போடுவார்கள் என்பது அவர் போட்ட கணக்கு. மாட்ட வந்த தினேஷ்குமார் என்ற பையன் உயரத்தில்தான் வைக்கப் போனான். முகம் தெரியாது என்று தாழ இறக்கச் சொன்னவரும் மேனேஜர்தான். நெட் செலவை ஈடுகட்ட, நாள் முழுக்க எங்களோடு இருந்த நர்ஸ் இளமதியை ஊசி போடும் நேரத்துக்கு மட்டும் வந்து போகச் சொல்லிவிட்டார்.

அதன்பிறகு ஒரு திதிச் சாப்பாட்டின்போது, பணம் கட்டியவர் போனில் வருவதற்குள் யாரோ பசி தாங்காமல் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எச்சில் இலையைக் காட்டினீர்களே என்று அவர் கோபித்துக்கொண்டாராம். அன்றிலிருந்து, பணம் கட்டியவர் போனில் வந்து பார்க்கும்வரை இலையில் கை வைக்கக்கூடாது என்று மேனேஜர் சட்டம் போட்டார். என் கடையில் கடன் சொல்லிச் சாப்பிட வந்தவனைக்கூட நான் இலைக்கு முன்னால் காக்க வைத்ததில்லை.

சம்பவம் நடந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பெங்களூரில் இருக்கும் ஒருவர் தன் மகன் சஞ்சய் பிறந்தநாளுக்காகப் பணம் கட்டியிருந்தார். இளமதி வந்து பாஞ்சாலிக்கு ஊசி போட்டு, உடனே சாப்பிட வைத்துவிடுங்கள் என்று மேனேஜரிடமும் என்னிடமும் சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டாள். அதன்பிறகு எல்லோரையும் கேமராவுக்கு முன் வரிசையாக உட்கார வைத்து, சோறு, வடை, கேசரி எல்லாம் பரிமாறி, கை தட்டிப் பாடுவதற்குத் தயாராக இருக்கச் சொன்னார்கள். பெங்களூர்க்காரர் போனில் வரவில்லை. அவர் வீட்டுக்குக் கேக் இன்னும் வந்து சேரவில்லையாம். சாம்பார் ஆறி ஆடை கட்டியது. அதன்பிறகு பாஞ்சாலிக்கு வேர்த்தது. கை நடுங்கியது. கூப்பிட்டதற்கு ஏதோ உளறினார். நான் என் இலையிலிருந்து கேசரியை எடுத்து அவர் வாயருகே கொண்டு போனேன். மேனேஜர் ஓடி வந்து என் கையைத் தட்டிவிட்டு, இரண்டு இலைகளையும் எட்டாமல் இழுத்துப் போட்டார். ஊசி போட்டிருக்கிறது, சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி ஆள் போய்விடுவாள் என்று சொன்னேன். அதற்கு அவர் என்னிடம் சொன்ன வார்த்தை:

"சார் லைன்ல வந்துகினு கீறாரு. அதுக்குள்ள இன்னா பேஜாரு பண்ற நீ? ஃபேனைப் போடச் சொல்றேன், கம்முனு குந்து."

அதன்பிறகு பாஞ்சாலி என் தோளில் சாய்ந்துவிட்டார். கேமரா இருக்கிறவரை சோறு கிடையாது என்பது எனக்குத் தெரிந்தது. கேமராவுக்கு ஒன்று ஆனால் இந்த மனுஷன் அதைப் பார்க்கத்தான் ஓடுவார், பாஞ்சாலியைப் பார்க்க மாட்டார் என்பதும் தெரிந்தது. அவரை அடுத்து உட்கார்ந்திருந்தவர்மேல் சாய்த்துவிட்டு, நான் எழுந்து போய் என் கைத்தடியால் கேமராவை அடித்தேன். முதல் அடியில் திரும்பிக்கொண்டது. இரண்டாவது அடியில் உடைந்து தொங்கியது. நான் நினைத்தபடியே மேனேஜர் தூணுக்கு ஓடினார். நான் திரும்பி வந்து, அவர் இழுத்துப் போட்ட இலையிலிருந்து கேசரியை எடுத்து, பாஞ்சாலியின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தேன். நல்ல வேளை, விழுங்கினார். எங்களுக்குப் பின்னால் மேனேஜர், டெக்னிக்கல் பிராப்ளம் சார், டெக்னிக்கல் பிராப்ளம் சார் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். சமையல்காரப் பெண் ஜெயப்பிரியாதான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள்.

வண்டி வருவதற்குள் பாஞ்சாலி கண்ணைத் திறந்தார். வாயெல்லாம் கேசரி. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"இன்னாடி அங்கம்மா, சார் வந்துட்டாரா? துன்னலாமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்துட்டாரு, துன்னு என்று சொன்னேன். அன்று நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

பாஞ்சாலி இப்போது காஞ்சிபுரத்தில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பிழைத்துக்கொண்டார், இரண்டொரு நாளில் அனுப்பிவிடுவார்கள் என்று சொல்கிறார்கள். இன்று இங்கே வைத்து மேனேஜர், தடி தவறிப் பட்டது என்று நான் சொன்னால் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும், இல்லாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இல்லத்தை விட்டுப் போக வேண்டியதுதான் என்றும் சொன்னார். எழுதுகிற ஏட்டையாவும், அப்படியே சொல்லிவிடுங்கள் அம்மா, இந்த வயதில் எங்கே போவீர்கள் என்றார். அவர் நல்ல மனதில்தான் சொன்னார். எனக்குப் போக இடம் கிடையாது. ஆனால் தவறிப் பட்டது என்று நான் சொன்னால் அன்றைக்கு அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகிவிடும். புதுக் கேமராவை அதே தூணில் மாட்டுவார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கும் யாரோ பிறந்தநாளுக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள். பாஞ்சாலி ஊசி போட்டுக்கொண்டு மறுபடி அதே வரிசையில் உட்காருவார். பக்கத்தில் நான் இருக்கப் போவதில்லை. நடந்ததையாவது இந்தப் பேப்பர் சொல்லட்டும்.

நான் சொன்னதை எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். கேட்டேன், நடந்தது இதுதான். ஓர் இடத்தில் மட்டும், கைத்தடி தவறுதலாகப் பட்டு என்று எழுதியிருந்தது. அதை அடித்துவிட்டு, தெரிந்தே அடித்தேன் என்று எழுத வைத்தேன். அடித்துத் திருத்திய இடத்தில் ஒன்றும், கீழே ஒன்றுமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) வே. அங்கம்மாள்