நாற்பது பிள்ளைகள், ஒரு அடிபம்பு

ஆய்வேட்டுக்குக் கறுப்பு அட்டை போடுவதா, அரக்கு அட்டை போடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் அரக்குதான் போட்டேன், லட்சணமாக இருந்தது. யோசிக்காமல் எதையும் செய்கிறவன் இல்லை நான் என்பதை விசாரணைக் குழு குறித்துக்கொள்ள வேண்டும்.

1996-ல் பதிவு செய்தேன். என் நெறியாளர் சகாயராஜுக்கு ஒரே கொள்கைதான்: "அதே தண்ணி, அதே பிள்ளைக, அஞ்சு வருசம். நடுவுல ஒன்னு மாறுனாலும் மொதல்லருந்து ஆரம்பி." அப்படி மறுபடி ஆரம்பித்த ஒருவரைத் தெரியும். தலை நரைத்துவிட்டது, இன்னும் டாக்டர் ஆகவில்லை.

வேடசந்தூருக்கு மேற்கே ஒரு சிற்றூர். ஊருக்கே ஒரு அடிபம்பு. மார்ச் மாதமே தண்ணீரைச் சோதித்தேன். ஃபுளோரைடு, இருக்கலாம் என்ற அளவைப் போல நாலு மடங்கு. குடிக்கிற பிள்ளைகளுக்கு முதலில் பல்லில் பழுப்புக் கறை ஏறும், பிறகு கால் வளையும். எத்தனை வருடத்தில் எவ்வளவு வளையும் என்பதே என் தலைப்பு. நாற்பது பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கால்களை அளந்தேன். ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட்டும் கொடுத்தேன். எந்த ஆராய்ச்சியாளர் கொடுப்பார்?

பெருமாயி தன் மகன் அஜித்தை எப்போதும் முதல் ஆளாக நிறுத்துவாள். ஆரம்பத்தில் அவனுக்கு மூன்று வயது. இரண்டாம் வருடம், "ஏலே, சாருக்குப் பல்லக் காட்டு" என்று அவன் வாயைத் திறக்கவைத்தாள்.

"தண்ணியில எதுவும் கோளாறா சார்? இம்புட்டுப் பய வெத்தல போடுறானான்னு கேலி பண்ணுறாக."

நன்றாகப் பல் விளக்கச் சொன்னேன். அறிவுரையில் தவறில்லை.

1998-ல் எனக்கொரு சோதனை வந்தது. கெட்ட தண்ணீர் உள்ள ஊர்களுக்கு ஆற்றுத் தண்ணீர்க் குழாய் வரப்போவதாகவும், தண்ணீரைத் திண்டுக்கல்லில் சோதனைக்குக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். ஊர்த் தலைவர் பொன்னுத்துரை கேனை என்னிடம் நீட்டினார்.

"போற வழிதான. படிச்சவுக கையால குடுத்தாத்தான் மதிப்பான்."

மதித்தார்கள். 'குடிக்க உகந்தது' என்று சான்றிதழ் வந்தது. குழாய் பக்கத்து ஊருக்குப் போனது. பொன்னுத்துரை சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்.

2002-ல் வாய்மொழித் தேர்வு. அரங்கில் இருக்கும் யாரும் கேள்வி கேட்கலாம் என்பது வழக்கம். லட்டும் மிக்சரும் காத்திருப்பதால் யாரும் கேட்பதில்லை. அரங்கு நிறையட்டும் என்று அந்த ஊர்க்காரர்களை நானே வேன் வைத்து அழைத்து வந்திருந்தேன். பெருமாயி எழுந்தாள்.

"தண்ணி கெட்டதுன்னு ஒங்களுக்கு எப்பத் தெரியும் சார்?"

"பக்கம் நாற்பத்து மூன்று, முதல் அட்டவணை. 1996 மார்ச்" என்றேன். தேர்வாளர் தலையசைத்தார். பெருமாயி ஒன்பது வயது மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

பொன்னுத்துரை சட்டத்தோடு கொண்டுவந்து உங்கள் மேசையில் வைத்த சான்றிதழும் என் அட்டவணையும் ஒத்துப்போகவில்லை என்கிறீர்கள். அட்டவணைதான் சரி. அடிபம்புத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, திண்டுக்கல் நாகல் நகரில் என் வீட்டுக் குழாயில் கேனை நிரப்பிக் கொடுத்தேன். ஆனால் ஆய்வேட்டில் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. மாற்றுவது நேர்மையில்லை.

அடுத்த ஆய்வுக்கும் அதே நாற்பது பேரைத்தான் கேட்டு எழுதியிருக்கிறேன். பிள்ளைகளிடம் சம்மதம் வாங்குவது சிரமமாக இருக்காது. அஜித்துக்கு என்மேல் தனிப் பிரியம். நான் போய் நின்றால், கேட்பதற்கு முன்பே காலை நீட்டிவிடுவான்.