அல்சூர் ஏரிச் சாலையில் லாக் ஆன பதிவு

பெயர் ராதா. வயது 33. கணவர் பெயர் ரகுராம், காலமாகிவிட்டார். தொழில், தனியார் அலுவலகம் ஒன்றில் வரவேற்பாளர். முகவரி, பெங்களூரு தொம்மலூரில் பழைய ஊர்ப்பகுதி, மாடி வீடு, வாடகை. சொந்த ஊர் வாணியம்பாடி.

எனக்குக் கன்னடம் பேசத் தெரியும், எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே நான் தமிழில் சொல்கிறேன். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருக்கிறார். சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்லாமல் போகலாம் என்று நீதித்துறை நடுவர் அவர்கள் எனக்கு எடுத்துச் சொன்னார்கள். சொல்ல விரும்பித்தான் வந்திருக்கிறேன்.

என் கணவர் சொந்தமாக ஒரு வெள்ளை நிற டாக்சி வைத்து ஓட்டி வந்தார். சென்ற வருடம் ஒரு ஸ்கூட்டர்காரர் தானே வந்து உரசிவிட்டு இவர்தான் இடித்தார் என்று நடுரோட்டில் சண்டை பிடித்ததால், அதன் பிறகு முன் கண்ணாடியில் ஒரு டேஷ் கேமரா மாட்டினார். அதன் மெனு ஆங்கிலத்தில் இருந்தபடியால் அதை அமைத்துக் கொடுத்தது நான்தான். அந்தக் கேமரா மூன்று மூன்று நிமிடத் துண்டுகளாகப் படம் பிடித்து மெமரி கார்டில் சேர்த்துக்கொண்டே போகும். பேச்சும் பதிவாகும். கார்டு நிறைந்தால் ஆகப் பழைய துண்டை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதியதை எழுதும். வண்டி எதன் மீதாவது மோதினாலோ வண்டியின் மீது ஏதாவது மோதினாலோ, அந்த அதிர்ச்சியை உணர்ந்து, அப்போது ஓடிக்கொண்டிருக்கும் துண்டை மட்டும் லாக் செய்து தனியாக வைத்துக்கொள்ளும். அப்படி லாக் ஆனது சுழற்சியில் அழியாது. நாமே பட்டனை அழுத்தியும் லாக் செய்யலாம்.

மாட்டிய புதிதில் நம் ஊர்ப் பள்ளங்களில் வண்டி இறங்கி ஏறும் போதெல்லாம் கேமரா அதை விபத்து என்று எடுத்துக்கொண்டு பீப் அடித்து லாக் செய்தது. ஓசூர் போய் வருவதற்குள் பாதிக் கார்டு பள்ளங்களாலேயே நிறைந்துவிட்டது. என் கணவர் சிரித்துக்கொண்டு இதைக் கொஞ்சம் அடக்கி வை என்றார். நான் அதிர்ச்சி அளவை ஆகக் குறைவாக மாற்றி வைத்தேன். அதன் பிறகு அது பள்ளங்களுக்குப் பீப் அடிக்கவில்லை. வண்டி நின்றிருக்கும் போதும் முன்னால் ஏதாவது அசைந்தால் படம் பிடிக்கும்படி அதற்கு பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்திருந்தோம்.

ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை, விடுமுறை என்பதால் நான் வீட்டில் இருந்தேன். என் கணவர் காலையில் வண்டி எடுத்துக்கொண்டு போனவர், மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகவும் கடைசிச் சவாரி சிவாஜி நகர் என்றும் போனில் சொன்னார். அதன் பிறகு அவருடைய எண்ணிலிருந்தே மறுபடியும் போன் வந்தது. பேசியவர் வேறு ஆள். கன்னடத்தில், இந்தப் போனுக்கு உரியவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உடனே வாருங்கள் என்றார். நான் ஆட்டோ பிடித்துப் போனேன்.

ஆஸ்பத்திரியில் என் கணவர் நினைவில்லாமல் இருந்தார். தலை முழுவதும் கட்டுப் போட்டிருந்தது. வலது காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு காவலர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உங்கள் கணவர் அல்சூர் ஏரிச் சாலையில் ஒரு அம்மாவை இடித்துவிட்டார், அந்த அம்மாவை வண்டியில் போட்டுக்கொண்டு ஓடப் பார்த்தபோது ஜனங்கள் பிடித்து அடித்துவிட்டார்கள், அந்த அம்மா இங்கே கொண்டுவருவதற்குள் இறந்துவிட்டார், உங்கள் கணவர் மேல் வழக்கு இருக்கிறது என்று அவர் சொன்னார். அவர் ஓடுகிற ஆள் இல்லை என்று நான் சொன்னேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார்.

அதன் பிறகு நான் மருந்து வாங்கக் கீழே போனபோது, பிணவறைப் பக்கம் நின்றிருந்த ஒருவர் என்னைப் பார்த்து வேகமாக வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். வலது கை விரல் முட்டிகள் தோலுரிந்து வீங்கியிருந்தன. இறந்துபோன அம்மா ரத்தினம்மாளின் மகன் கண்ணா, ஏரிச் சாலை முனையில் பஞ்சர் கடை வைத்திருப்பவர் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அவர், "காய் வாங்கினு வந்தவங்கள அடிச்சிட்டு, மூட்டை மாதிரி தூக்கினு போயி எங்கயோ போடப் பாத்தான் உம் புருசன். அவன் பொழைக்கக் கூடாது" என்றார்.  கூட இருந்தவர்கள் அவரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

அன்று மாலை எனக்குக் கேமரா ஞாபகம் வந்தது. காவலுக்கு இருந்தவரிடம் சொன்னேன். ஸ்டேஷனில் சொல்லுங்கள் என்றார். மறுநாள் காலை காவல் நிலையம் போனேன். எங்கள் வண்டி பின்பக்க மைதானத்தில், பிடித்து வைத்த வண்டிகளோடு நின்றிருந்தது. பானெட் நடுவில் ஆழமாக நசுங்கி, கண்ணாடி ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் அந்த நசுங்கலைக் காட்டி, அந்த அம்மா இங்கேதான் மோதி விழுந்திருக்கிறார், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார். கேமராவைப் பாருங்கள் என்றேன். வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து சோதிக்கும் வரை எதையும் தொடக்கூடாது என்றார்.

நான் விரிசல் வழியாகப் பார்த்தேன். கேமராவில் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதாவது அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மைதானத்தில் யார் நடந்தாலும், ஒரு நாய் குறுக்கே போனாலும், அது படம் பிடித்து, பழையதில் ஒன்றை அழிக்கும். இது நின்றால் போதும், ஒயரை மட்டும் பிடுங்கிவிடுங்கள், நான் தொடவில்லை, நீங்களே செய்யுங்கள் என்று கேட்டேன். மறுத்துவிட்டார்கள். தலைமைக் காவலர் ஓஸ்வால்ட் என்பவருக்குத் தமிழ் தெரியும். அவர் மட்டும் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "லாக் ஆயிருந்தா எங்கயும் போகாதும்மா, பயப்படாத" என்றார். அதிர்ச்சி அளவைக் குறைத்து வைத்தது நான் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதன் பிறகும் ஆஸ்பத்திரிக்கும் காவல் நிலையத்துக்குமாக அலைந்தேன். ஆய்வாளர் வரவில்லை. புதன்கிழமை காலை என் கணவர் இறந்துவிட்டார். நினைவு திரும்பவே இல்லை. நாற்காலியில் இருந்த காவலர் எழுந்து தொப்பியைக் கழற்றிவிட்டு, மேலிடத்துக்குப் போன் செய்து, அக்யூஸ்டு எக்ஸ்பயர்டு என்று சொன்னார். உடலை வாணியம்பாடிக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தோம். உறவினர்கள் சிலர், இடித்தது உண்மையா என்று என்னிடம் தனியாகக் கேட்டார்கள்.

காரியம் முடிந்ததும் நான் நேராகக் காவல் நிலையம் போனேன். அப்போதுதான் ஆய்வாளர் வந்து போயிருந்தார். தலைமைக் காவலர் ஓஸ்வால்ட், சப்-இன்ஸ்பெக்டரிடம் அனுமதி வாங்கி, இரண்டு சாட்சிகளை நிறுத்தி, கைப்பற்றியதற்கான மகஜர் எழுதி, என் கண் முன்னால் கார்டைக் கழற்றினார். புகார் கொடுத்தவர் என்ற முறையில் கண்ணாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் சுவர் ஓரமாக நின்றார். நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

கம்ப்யூட்டரில் முதலில் சாதாரணப் பதிவுகளைத் திறந்தார்கள். எல்லாம் காவல் நிலைய மைதானம். நிறுத்தி வைத்த பைக்குகள், மழை, டீ குடித்துக்கொண்டு போகும் காவலர், வெளிச்சம் வருவதும் போவதும். அந்தச் சனிக்கிழமையில் ஒன்றுமே மிச்சமில்லை. சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அதன் பிறகு ஓஸ்வால்ட் லாக் ஆனவை இருக்கும் இடத்தைத் திறந்தார். அதில் அந்தச் சனிக்கிழமைத் தேதியில் அடுத்தடுத்த பதிவுகள் இரண்டு இருந்தன.

முதல் பதிவில் நான் கண்டது பின்வருமாறு. எங்கள் வண்டி ஏரிச் சாலையில் மெதுவாகப் போகிறது. முன்னால் ஒரு கறுப்புக் கார் போகிறது. சாலையைக் கடக்கும் ஒரு அம்மாவை அந்தக் கறுப்புக் கார் இடித்துத் தூக்கி எறிந்துவிட்டு, சற்றே தயங்கி, பின் வேகமெடுத்துப் போய்விடுகிறது. அதன் எண் தெளிவாகத் தெரிகிறது. எங்கள் வண்டி நிற்கிறது. கதவு திறக்கும் சத்தம். என் கணவர் ஓடுகிறார். சிதறிக் கிடக்கும் தக்காளிகளைத் தாண்டிப் போய், கைகாட்டி இரண்டு மூன்று வண்டிகளை நிறுத்தப் பார்க்கிறார். யாரும் நிற்கவில்லை. அதன் பிறகு அவரே அந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு வருகிறார். படத்தைவிட்டு அவர் விலகியதும் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது. "அம்மா, கண்ண மூடாதீங்க, பக்கத்துலதான் ஆஸ்பத்திரி" என்று அவர் சொல்வது கேட்கிறது. அந்தச் சனிக்கிழமை போனில் பேசியதற்குப் பிறகு நான் அவர் குரலைக் கேட்டது அங்கேதான்.

அதன் பிறகு வெளியில், "பாடிய தூக்கினு ஓடறான், புடிங்கடா" என்று ஒருவர் கத்துகிறார். ஆட்கள் ஓடிவருகிறார்கள். என் கணவரை ஓட்டுநர் பக்கத்திலிருந்து இழுத்து வண்டிக்கு முன்னால் கொண்டுவருகிறார்கள். அவர் கையால் பின்சீட்டைக் காட்டிக் காட்டி ஏதோ சொல்கிறார். ஒருவர் ஒரு சிமெண்ட் கல்லை இரண்டு கையாலும் தூக்கி பானெட் மீது போடுகிறார். படம் குலுங்குகிறது. கேமரா பீப் அடிக்கிறது. ஓஸ்வால்ட் அங்கே நிறுத்தி, அந்தக் கல் விழுந்ததால்தான் இது லாக் ஆகியிருக்கிறது என்று சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். கல்லைப் போட்டவர் கண்ணா.

இரண்டாவது பதிவில் அடிப்பது மட்டும்தான் இருக்கிறது. என் கணவரின் தலையை வண்டியின் மீதே மோதுகிறார்கள். அதனால்தான் அதுவும் லாக் ஆகியிருக்க வேண்டும். நான் அதை முழுவதும் பார்த்தேன். அடித்தவர்களில் ஐந்து பேரை அடையாளம் காட்ட முடியும்.

அந்தப் பதிவு ஓடிக்கொண்டிருக்கும் போது வண்டிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. மிகவும் மெல்லிய குரல். ஓஸ்வால்ட் சத்தத்தைக் கூட்டி மறுபடியும் ஓட்டினார். ஒரு அம்மாவின் குரல், மூச்சு வாங்கி வாங்கி, "கண்ணா, இவரு இல்லடா. அடிக்காதடா. இவரு இல்ல" என்றது. மறுபடியும் "கண்ணா" என்றது. வெளியில் இருந்த கூச்சலில் அது யாருக்கும் கேட்டிருக்காது. அந்தப் பதிவு முடியும் வரை அந்த அம்மா உயிரோடுதான் இருந்தார். முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது.

கண்ணா, இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டார்கள். அதன் பிறகு அவர் சுவரைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்துவிட்டார். சப்-இன்ஸ்பெக்டர் அவரிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டார். அவர் தமிழிலேயே, "கல்லு வச்சினு இருக்கறது நான்தான் சார். எழுதிக்கோங்க" என்றார். என்னைப் பார்க்கவில்லை. அன்றே அவரைக் கைது செய்தார்கள்.

கார்டை அரக்கு முத்திரையிட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். அதில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட முடியுமா என்று பிற்பாடு யாரோ கேட்டதற்கு, கத்தரித்தால் செல்லாது, முழுவதுமாகத்தான் சாட்சிக்கு நிற்கும் என்று ஓஸ்வால்ட் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை கண்ணாவின் மனைவி தீபிகா தொம்மலூரில் என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வாசலிலேயே நின்றார். கறுப்புக் காரின் எண் கிடைத்துவிட்டது, உங்கள் கணவர் மேல் தப்பு இல்லை என்பதும் தெரிந்துவிட்டது, முதல் பதிவு ஒன்றே அதற்குப் போதும், இரண்டாவது பதிவு வேண்டாம் என்று நீங்கள் ஒரு மனு கொடுத்தால் நீதிமன்றம் கேட்கும் என்று வக்கீல் ஒருவர் சொன்னதாகச் சொன்னார். தன் கணவர் சாப்பிடுவதில்லை, ஜெயிலுக்குள் தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிறார், அந்தக் குரலைக் கோர்ட்டில் எல்லார் முன்னாலும் போட்டால் உயிரை விட்டுவிடுவார் என்றும் சொன்னார். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

நான் அவரிடம், "உங்க அத்தை சாகற நேரத்துல எங்க வீட்டுக்காரருக்காகப் பேசினாங்க. அவருக்காக அன்னைக்குப் பேசினது அவங்க ஒருத்தர்தான். அந்தப் பேச்ச வேணாம்னு நான் எப்படிங்க எழுதிக் குடுப்பேன்?" என்று கேட்டேன்.  அவர், தான் அந்தக் குரலை இன்னும் கேட்கவில்லை என்றும், ஒரே ஒரு தடவை கேட்க முடியுமா என்றும் கேட்டார். என்னிடம் நகல் இல்லை என்றேன். அதன் பிறகு அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

குற்றம் சாட்டப்பட்டவர் என்ற இடத்தில் என் கணவர் பெயர் இன்னமும் இருக்கிறது. அதை நீக்க வேண்டும். கறுப்புக் காரை ஓட்டியவரைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இரண்டு பதிவுகளையும் சத்தத்தோடு, முழுவதுமாக, நீதிமன்றத்தில் ஓட்ட வேண்டும். ஓட்டும் நாளில் தீபிகாவையும் அழைத்து உட்கார வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னது இவ்வளவே. எழுதியதைத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. பார்த்ததையும் கேட்டதையும் தவிர வேறு எதையும் இதில் சேர்க்கவில்லை, எதையும் விடவில்லை. யாருடைய தூண்டுதலும் பயமுறுத்தலும் இன்றி, உண்மை என்று அறிந்து கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
ர. ராதா